மஞ்சுறை சோலையில் மலர் தேடிய மருத்துவர்

பிறந்த ஊரை விட்டு வந்து வாழ்வோர்க்கே ஊர்ப்பற்று மிகும் என்பர். எலெக்ட்ரானிக் சிட்டியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களைக் கண்டோர் இதனை எளிதில் ஒப்புக்கொள்வர். வெள்ளிக்கிழமை மாலையானால் ஓசூர்ச் சாலையோரத்தில் பெட்டியும் பையுமாக நிற்போருள் நம்மவர் பலர். கோவைக்கும் மதுரைக்கும் நெல்லைக்கும் செல்லும் பேருந்துகளுக்காக அவர்கள் காத்து நிற்பர். கோடை விடுமுறை வந்துவிட்டாலோ குழந்தைகளுடன் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் பயணம். அங்கே படகில் ஏறுகின்றோம். வர்க்கியும் தைலமும் வாங்குகின்றோம். மலைச்சரிவில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றோம். வழியோரத்தில் பூத்திருக்கும் ஒரு பூவைச் சுட்டிக் காட்டி, அதன் பெயர் யாதென்று குழந்தை கேட்குங்கால் மட்டும் நமக்கு விடை கிடைப்பதில்லை. ஏதோ ஒரு காட்டுப்பூ என்று கூறி நடையைக் கட்டுகின்றோம்.

நம் முன்னோர் இவ்வாறு இருந்தாரல்லர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் கொய்து குவித்த பூக்கள் தொண்ணூற்றொன்பதும் பெயர் பெயராக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. மலைக்கும் மலைசார்ந்த இடத்திற்கும் ஒரு பூவின் பெயரையே இட்ட மொழி நம் மொழி. அப்படிப்பட்ட மலைகளில், ஏறத்தாழ இரு நூற்றாண்டுகட்கு முன், கடல் கடந்து வந்த ஒருவர் ஒவ்வொரு செடியையும் கையிலெடுத்து இஃது யாது என்று வினவினார். அவ்வினாவிற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவரே டாக்டர் ராபர்ட் வைட். பிழைப்புக்காகத் தாயகம் விட்டு வந்தவர் அவர், நாமும் அத்தகையோரே. ஆகலின் அவர் வரலாற்றை இவ்வாண்டு விழா மலரில் கூறுவது பொருத்தமென எண்ணினோம்.

ராபர்ட் வைட் 1796ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் மில்ட்டன் என்னும் ஊரில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று 1818இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் மருத்துவம் பயில்வோர் தாவர நூலும் பயின்றாக வேண்டும். மருந்துகளிற் பெரும்பாலன செடி கொடிகளிலிருந்தே கிடைத்தமையால் இவ்வழக்கம் இருந்தது. 1819ஆம் ஆண்டு அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னை மாகாணத்திற்கு வந்து சேர்ந்தார். படைவீரர்க்கு மருத்துவம் பார்ப்பது அவர் உத்தியோகம். ஓய்வு கிடைத்தபொழுதெல்லாம் செடி தேடுவது அவர் உள்ளம் விரும்பிய பணி.

தென்னாட்டுத் தாவரங்களை ஆராய்ந்தவர்களுள் இவர் முதல்வர் அல்லர். தரங்கம்பாடியைச் சார்ந்து வாழ்ந்த கேனிக், ராட்லர், கிளைன் முதலியோர் முன்னரே இத்துறையில் உழைத்திருந்தனர். பெஞ்சமின் ஹைன் என்பார் நம் பெங்களூரின் லால்பாக் தோட்டத்தையே மேற்பார்த்து வந்தவர். அவர்கள் திரட்டியவை பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. ஒரே செடி நால்வரால் நான்கு பெயர்களில் அழைக்கப்பட்டது. நான்கு செடிகள் ஒரே பெயரில் மயங்கி நின்றன. இக்குழப்பத்தை நீக்கித் தென்னிந்தியத் தாவரங்கள் அனைத்தையும் ஒரு முறைக்குள் கொண்டுவர வேண்டும் என்னும் எண்ணம் வைட்டின் உள்ளத்தில் வேரூன்றியது.

1826ஆம் ஆண்டு அவருக்குச் சென்னையில் அரசு இயற்கை நூலறிஞர் பதவி கிடைத்தது. விரும்பிய பணியும் ஊதியம் தரும் பணியும் ஒன்றாக அமைவது எல்லார்க்கும் வாய்ப்பதன்று. வைட் தென் மாவட்டங்களில் நெடும்பயணம் செய்து செடிகளைத் திரட்டத் தொடங்கினார். ஆயின் அந்நற்பேறு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1828இல் அரசு சிக்கனம் கருதி அப்பதவியையே ஒழித்துவிட்டது. அவர் நாகப்பட்டினத்துப் படைநிலைய மருத்துவராக அனுப்பப்பட்டார். பதவி போயினும் அவர் பணி போகவில்லை. தம் சொந்தச் செலவில் ஆட்களை அமர்த்திச் செடிகளைத் திரட்டினார். ரங்கய்யா என்னும் தென்னாட்டு ஓவியரைக் கொண்டு அவற்றை வரைவித்தார். அவ்வோவியங்களைக் கிளாஸ்கோவில் தாவர நூல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹூக்கருக்கு அனுப்பினார். அவற்றின் அழகும் துல்லியமும் கண்டு வியந்த ஹூக்கர் அவற்றைத் தம் வெளியீட்டில் பதிப்பித்தார்.

1831ஆம் ஆண்டு நீண்ட விடுப்பில் தாயகம் சென்ற வைட், தம்முடன் ஏறத்தாழ ஒரு லட்சம் உலர்தாவர மாதிரிகளைக் கொண்டு சென்றார். ஸ்காட்லாந்தில் ஜார்ஜ் வாக்கர் ஆர்நாட் என்னும் நண்பருடன் சேர்ந்து அவற்றை வகைப்படுத்தி, 1834இல் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய இலத்தீன் பெயர் கொண்ட பெருநூலின் முதற்பகுதியை வெளியிட்டார். இரண்டாம் பகுதி வெளிவரவேயில்லை. விடுப்பு முடிந்தது, அவர் மீண்டும் இந்தியா திரும்பினார்.

திரும்பி வந்தவர்க்குப் பெல்லாரியில் பணி. அங்கிருந்து படைப்பிரிவுடன் பாளையங்கோட்டைக்கு மாற்றம். அடிக்கடி நேரும் மாற்றம் குடும்பத்தார்க்குத் துன்பம் தருவது நாம் அறிந்ததே. வைட்டுக்கோ ஒவ்வொரு மாற்றமும் புதியதொரு காட்டின் வாயிலைத் திறந்துவிட்டது. பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலமலைக்குச் சென்றார். 1836இல் இலங்கைக்கும் சென்று வந்தார். அதே ஆண்டு வராகமலை என வழங்கிய பழனிமலையில் ஏறி, அங்குள்ள நிலம், மக்கள், பயிர், காடு ஆகியவற்றைக் குறித்தெழுதினார். அவ்வறிக்கை 1837இல் சென்னை இலக்கிய அறிவியல் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அப்பொழுது கோடைக்கானல் என்னும் நகரமே தோன்றவில்லை; அங்கே முதற் பங்களாக்கள் எழுந்தது 1845ஆம் ஆண்டில்தான்.

அவர் தேடிச் சென்ற காடுகளின் இயல்பை இங்கே சிறிது கூறுதல் வேண்டும். நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகியவற்றின் உச்சிப் பகுதிகளில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேலே, அலையலையாகப் புல்வெளிகள் பரந்து கிடக்கும். அப்புல்வெளிகட்கு இடையே, நீரோடை ஓடும் மடிப்புகளில் மட்டும், கரும்பச்சை நிறத்தில் காடு செறிந்து நிற்கும். அதனையே சோலை என்கின்றோம். சோலை மரங்கள் ஓங்கி உயர்ந்து வளர்வதில்லை. காற்றுக்கும் குளிருக்கும் ஈடுகொடுத்துக் குட்டையாகவும் முறுக்குண்டும் நிற்கும். அவற்றின் தலைகள் நெருங்கிக் கூரைபோல் மூடியிருக்கும். ஆண்டிற் பல திங்கள் மேகம் அச்சோலைக்குள்ளேயே தங்கி நிற்கும். இலைகளிலும் கிளைகளைப் போர்த்த பாசிகளிலும் படும் மேகத்தின் ஈரம் துளித்துளியாகத் திரண்டு நிலத்தில் இறங்கும். மழை பெய்யாத நாளிலும் சோலைக்குள் மரம் சொட்டிக்கொண்டே இருக்கும். கிளைதோறும் பெரணிகளும் ஆர்க்கிட் செடிகளும், நம் சமையலறைக் கல்பாசியின் இனத்தைச் சேர்ந்தவையும் தொற்றி வளரும். புல்வெளியும் சோலையும் சேர்ந்து பஞ்சு போல் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடும்.

இத்தகைய இடத்தில் செடி திரட்டுவது கேட்பதற்கு இனிது; செய்வதற்கு அரிது. மலைப்பாதையில் குதிரையும் செல்ல இயலாத இடங்கள் பல. அடிவாரக் காடுகளில் மலைக்காய்ச்சல். மேலே அட்டையும் குளிரும். பறித்த கிளையைப் பூவும் இலையும் விரியுமாறு தாள்களுக்கிடையில் வைத்து, பலகைகளால் அழுத்தி, நாள்தோறும் தாளை மாற்றி உலர்த்த வேண்டும். மேகம் சூழ்ந்த மலையில் தாளே உலராது. தீ மூட்டித் தாள்களைக் காய வைக்க வேண்டும். சிறிது அயர்ந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். உலர்ந்தபின் பூச்சியிடமிருந்து காக்க வேண்டும். பின்னர் சுமைகூலிகளின் தலையிலும் மாட்டுவண்டியிலும் ஏற்றிக் கீழே கொணர வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டாலும் உலர்த்திய செடி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மேற்கு மலைத்தொடரில் காசித்தும்பை இனங்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. அவற்றிற் பல உலகில் வேறெங்கும் வளராதவை. அப்பூவின் இதழ் நீர் நிறைந்தது, மென்மையானது. தாளிடை வைத்து அழுத்தினால் இதழ்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, எது எதன்மேல் இருந்தது என்றே தெரியாமற் போய்விடும். நிறமும் மறைந்துவிடும். ஆர்க்கிட் மலர்களின் நிலையும் ஏறக்குறைய அதுவே. இவற்றை ஓரினத்தினின்று மற்றோரினம் பிரித்தறிய வேண்டுமானால், பூ வாடுமுன் அதனைக் கண்ணெதிரே வைத்து ஓவியர் வரைந்தாக வேண்டும். ஆதலின் வைட்டின் பணிக்கு ஓவியம் அழகுக்கெனச் சேர்த்த அணியன்று. அதுவே அறிவின் கருவி.

இதனை நன்குணர்ந்த வைட், 1838ஆம் ஆண்டு சென்னையில் இரண்டு நூல்வரிசைகளை ஒருசேரத் தொடங்கினார். ஒன்று வண்ணம் தீட்டிய படங்களுடன் விரிவான விளக்கம் கொண்டது. மற்றொன்று ஐக்கோன்ஸ் எனச் சுருக்கமாக வழங்கும் படத்தொகுதி. இலண்டனில் அச்சிட்டால் செலவு தாங்காது. விலையும் எளியோர்க்கு எட்டாது. ஆகவே சென்னையிலேயே அச்சிடத் துணிந்தார். கல்லச்சு முறையைத் தாமே முயன்று கற்றார். கொழுப்பு கலந்த மையால் கல்லில் எழுதி, கல்லை நீரால் நனைத்தால், எழுதிய இடம் மட்டுமே அச்சு மையைப் பற்றும். அதன்மேல் தாளை வைத்து அழுத்திப் படம் எடுப்பதே அம்முறை. தொடக்கத்தில் படங்கள் செம்மையாக அமையவில்லை. கற்றுக்கொண்டே அச்சிட்டார், அச்சிட்டுக்கொண்டே கற்றார். அவ்வாண்டிலேயே சென்னையில் ரோசா ஹாரியட் ஃபோர்டு என்னும் நங்கையை மணந்து இல்லறமும் ஏற்றார்.

இதற்கிடையில் அவர் உத்தியோகமும் மாறியிருந்தது. 1836 முதல் வருவாய்த் துறையின் சார்பில் பருத்தி, புகையிலை, அவுரி போன்ற வாணிகப் பயிர்களைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை தரும் பணி அவருக்கு அளிக்கப்பட்டது. 1842இல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் பண்ணைகளின் மேற்பார்வையாளரானார். இங்கிலாந்தின் ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி வேண்டும் என்பதே கம்பெனியின் நோக்கம். பல ஆண்டு உழைத்தும் கம்பெனியார் எதிர்பார்த்த அளவிற்கு அப்பயிர் பயன் தரவில்லை. கோவையிலிருந்து நீலகிரி அண்மையில் இருந்ததுவே அவருக்குக் கிடைத்த பேறு. பருத்திப் பண்ணையில் பகற்பொழுது கழிந்தது. மலர்ப்படங்களைத் திருத்துவதில் எஞ்சிய பொழுது கழிந்தது. நீலகிரித் தாவரங்களை மட்டுமே பற்றி ஏறத்தாழ 200 வண்ணப்படங்கள் கொண்ட தனி நூலொன்றை 1846க்கும் 1851க்கும் இடையில் வெளியிட்டார்.

ஐக்கோன்ஸ் தொகுதி 1853இல் ஆறு பாகங்களாக நிறைவெய்தியது. அதில் உள்ள படங்கள் 2,101. பதினைந்து ஆண்டுகள், உத்தியோகம் ஒருபுறம் இருக்க, ஒரு தனிமனிதர் பொறுப்பேற்று நடத்திய பணி இது. அறிவுலகம் அதுவரை அறியாத ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் அவர் வாழ்நாட் பணியால் வகுத்துரைக்கப்பட்டன.

இத்தனையும் வைட் ஒருவரது உழைப்பு என்று கூறினால் அது நடுநிலை ஆகாது. ரங்கய்யா நெடுங்காலம் வரைந்தார்; அவருக்குப்பின் கோவிந்து என்னும் ஓவியர் அப்பணியை ஏற்றார். வழிகாட்டியோர், மரமேறிப் பூப்பறித்தோர், சுமை தூக்கியோர், தாள் மாற்றியோர் எத்தனையோ பேர். காட்டின் உட்பாதைகளை அறிந்தவர்கள் மலைவாழ் மக்களே. அவர்களுடைய பெயர்கள் எந்நூலிலும் ஏறவில்லை. அவ்வுழைப்புக்குப் பின்னால் நின்ற கம்பெனியின் நோக்கமும் மலர்மேற்கொண்ட அன்பன்று, வருவாயே. இவற்றையும் நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

ஆயினும் வைட் ஒன்று செய்தார். அச்சிட்ட படங்களின் அடியில் ஓவியர் பெயரைப் பொறிக்கச் செய்தார். அதனினும் மேலாக, 1853இல் புதிதாக வகுத்த ஆர்க்கிட் பேரினம் ஒன்றிற்குக் கோவிந்தூயியா எனப் பெயரிட்டார். ஆளுநர்கட்கும் பிரபுக்களுக்கும் பூக்களின் பெயரைக் காணிக்கையாக்கிய அக்காலத்தில், தம்மிடம் கூலிக்குப் பணிசெய்த தென்னாட்டு ஓவியர் ஒருவர்க்கு அச்சிறப்பைச் செய்தது எளிய செயலன்று. பிற்காலத்து ஆய்வாளர் அப்பேரினம் முன்னரே வகுக்கப்பட்ட டிராப்பிடியா என்பதனுள் அடங்கும் எனக் கண்டனர். ஆகவே கோவிந்துவின் பெயர் இன்று வழக்கொழிந்த பெயர்களின் வரிசையில் நிற்கின்றது. வைட்டின் பெயரோ ஐலெக்ஸ் வைட்டியானா, சின்னமோமம் வைட்டி முதலிய சோலை மரங்களில் இன்றும் வாழ்கின்றது. பெயர் நிலைப்பதும் மறைவதும் தகுதி ஒன்றனால் மட்டும் நிகழ்வதில்லை போலும்.

1853ஆம் ஆண்டு வைட் ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பினார். இங்கிலாந்தில் ரெடிங் நகரை அடுத்த கிரேஸ்லி என்னுமிடத்தில் நிலம் வாங்கி வாழ்ந்தார். தென்னாட்டு மலைகளின் செடிகள் அவருடன் பெட்டி பெட்டியாக இருந்தன. 1871இல் அத்தொகுப்பைக் கியூ தாவரத் தோட்டத்திற்கு அளித்தார். அடுத்த ஆண்டு, 1872 மே 26ஆம் நாள், தம் 75ஆம் அகவையில் இயற்கை எய்தினார். அவருக்காக ரங்கய்யாவும் கோவிந்துவும் வரைந்த மூல ஓவியங்கள் நூற்றுக்கணக்கில் எடின்பரோ அரசத் தாவரத் தோட்டத்தில் உள்ளன. 2007இல் அத்தோட்டத்து அறிஞர் ஹென்றி நோல்ட்டி அவ்வோவியங்களையும் அவ்விருவரையும் பற்றி நூல் எழுதி, மறைந்து கிடந்த அப்பெயர்களை மீண்டும் வெளிச்சத்திற்குக் கொணர்ந்தார்.

வைட் சென்றபின் அவர் கண்ட மலைகளுக்கு என்ன நேர்ந்தது? காப்பியும் சிங்கோனாவும் தேயிலையும் வந்தன. சோலைகள் பல வெட்டுண்டன. பயனற்ற வெறுநிலம் எனத் தவறாகக் கருதப்பட்ட புல்வெளிகளில் சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் தோல் பதனிடுவதற்கும் செயற்கை நூலிழைக்கும் வேண்டி அவை மேலும் பெருகின. நாம் உதகையில் இறங்கியவுடன் முகர்ந்து மகிழும் தைல மணம் அம்மலைக்கு உரிய மணமன்று. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரத்தின் மணம். எஞ்சிய சோலைகள் புல்வெளிகளிடையே துண்டுதுண்டாக நிற்கின்றன. 1986இல் நீலகிரி, இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2012இல் மேற்கு மலைத்தொடரின் பல பகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. எந்தச் சோலை எவ்வாறு இருந்தது, எதனை மீட்க வேண்டும் என்று இன்று ஆராய்வோர்க்கு வைட்டின் மாதிரிகளும் கோவிந்துவின் கோடுகளும் பழைய பத்திரம் போல் சான்று கூறுகின்றன.

இதனைப் படிக்கும் நம் காலனி அன்பர்கள், நாம் சமவெளியில் அடுக்கு மாடியில் வாழ்கின்றோம்; மலைச்சோலைக்கும் நமக்கும் என்ன உறவு என்று எண்ணலாம். பெங்களூர் மாநகரின் குழாய்களில் வரும் காவிரி நீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏற்றப்படுவது. அந்நீர் குடகு மலையில் தோன்றும் காவிரியும் வயநாட்டு மலைகளில் தோன்றும் கபினியும் கலந்து வருவது. அம்மலைகளின் உச்சியிலும் இத்தகைய சோலைகளும் புல்வெளிகளும் உள்ளன. கோடையில் நம் வீட்டுத் தொட்டி வற்றித் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும் நாளில், மேகத்தைத் தடுத்து நீராக்கும் அம்மரங்களை நினைப்பது தகும். ஊரில் உள்ள நம் உறவினர் வயலுக்குச் செல்லும் நீரும் அத்தகைய மலைகளின் கொடையே.

வைட்டின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. பதவி ஒழிந்தபோதும், விருப்பமில்லாப் பணி வாய்த்தபோதும், தாம் மேற்கொண்ட ஒன்றை அவர் கைவிடவில்லை. பெயரறியாத எதனையும் அவர் வெறும் காட்டுப்பூ என்று தள்ளவில்லை. பெயர் அறிந்த பொருளையே மனிதர் பேணுவர். பெயர் தெரியாதது அழிந்தால் அழிந்ததென்றும் அறியமாட்டோம்.

ஆகவே நம் சங்கத்துக் குடும்பங்கட்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் மலைக்குச் செல்லுங்கால் ஒரே ஒரு பூவையேனும் பறியாது நின்று பாருங்கள். அதன் பெயரை அவ்வூரார் ஒருவரிடம் கேளுங்கள். தவிட்டுப்பழம் விற்கும் பாட்டியும் உங்களுக்கு ஆசிரியையே. இல்லம் திரும்பியபின் கணிப்பொறியைத் திறந்து ஐக்கோன்ஸ் தொகுதியைத் தேடுங்கள். இன்று அதனை இணையத்தில் எவரும் கட்டணமின்றிக் காணலாம். அதில் உங்கள் பூ இருக்கின்றதா எனக் குழந்தைகளுடன் சேர்ந்து நோக்குங்கள். படத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் ஓவியர் பெயரையும் படித்துக் காட்டுங்கள். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூப்பது. மூணாற்று மலைகளில் 2018இல் பூத்தது. மீண்டும் 2030இல் அது பூக்கும்போது, நம் குழந்தைகள் அதனைப் பெயர் சொல்லி அழைப்பவராக வளர்ந்திருத்தல் வேண்டும். அம்மலைகளும் அன்று மேகம் தங்கும் மலைகளாகவே இருத்தல் வேண்டும். அதுவே நம் விழைவு.